வள்ளத்துத் தட்டுக்கு என்ன போட்டேன் என்றால்

திருக்கடலூர்,
திருகோணமலை.

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய ஃபோம் துண்டு வந்து சேர்ந்தது. தேக்குப் பலகை மாதிரி கறுப்புக் கோடு போட்டு வடிவாகத்தான் இருக்கிறது. அங்கே ஏரியில் ஓடுகிற படகுகளின் தட்டில், கால் வைத்து நிற்கிற தளத்தில், வழுக்காமல் இருக்க இதைத்தான் ஒட்டுகிறார்கள், நீங்களும் ஒட்டுங்கோ அப்பா என்று சொன்னாய். போனில் மறுத்தால் சண்டையாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உனக்கு மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாசியில் வலை இழுக்கும்போது சாளைக் கொழுப்பில் கால் வழுக்கி, குறுக்குப் பலகையில் முழங்கால் அடிபட்டது. நாலு நாள் கடலுக்குப் போகவில்லை. இப்போது சுகம், யோசிக்காதே. தட்டு மாற்றவேண்டும் என்று நான் நின்றது இதனால்தான். வள்ளம் வடிவாக இருக்கவேண்டும் என்பதற்காக இல்லை.

பழைய பிளைவுட்டைக் கழற்றிப் பார்த்தால் வயிறு எரிகிறது. தண்ணீருக்குத் தாங்குகிற மெரைன் பிளைவுட் என்று சொல்லி ஒரு கடையில் தந்தார்கள். மூன்று வருசத்தில் ஆணித் துளை ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுத்து, ஓரமெல்லாம் நனைந்த கொப்பி போல விரிந்துவிட்டது. இந்தமுறை நான் கொஞ்சம் உசார். வாங்கமுன் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி வந்து, அம்மாவின் பழைய பானையில் போட்டு நாலு மணித்தியாலம் அவித்தேன். பசை நல்லதென்றால் அடுக்கு பிரியாது. முதல் கடைத் துண்டு ஒரு மணித்தியாலத்திலேயே பிரிந்தது. இரண்டாவது கடைத் துண்டு அசையவில்லை.

சரி, உன் ஃபோமுக்கு வருகிறேன். சும்மா தள்ளிவிடவில்லை, சோதித்துத்தான் பார்த்தேன். மூன்று பலகைத் துண்டை முற்றத்தில் போட்டேன். ஒன்றில் உன் ஃபோம், ஒன்றில் ரெசின் என்கிற பிசினும் பருமணலும், ஒன்றில் ரெசினும் அரித்தெடுத்த சின்ன மணலும். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்றேன். பக்கத்து வீட்டுப் பொடியனையும் நிற்க வைத்தேன்.

முதல் நாள் ஃபோம்தான் வென்றது. காலுக்கு மெத்தை. வழுக்கவும் இல்லை. இரண்டாம் நாள் தூண்டில் ஒன்று குத்தியதை இழுத்தேன், ஒரு கடலை அளவு பிய்ந்து வந்தது. மதியம் அந்தக் கறுப்புக் கோட்டில் கால் வைக்க முடியவில்லை. பிறகு ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றினேன். எங்கள் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில் என்பது உனக்குத் தெரியும். கான் மாற்றும்போது சிந்தாத நாள் கிடையாது. ஊற்றிய இடம் அப்பம் போலப் பொங்கி நின்றது. உங்கள் ஏரியில் தண்ணீர் உப்பில்லை, வள்ளத்தில் செதிலும் இரத்தமும் இல்லை. நிலாவெளியில் வெள்ளைக்காரரைப் புறாத்தீவுக்கு ஏற்றிப்போகிற படகுக்கு இது நல்ல சாமான், அதை நான் மறுக்கவில்லை.

பருமணலில் வேறு கரைச்சல். வழுக்கவே வழுக்காது, ஆனால் அஞ்சாறு மணித்தியாலம் தண்ணீரில் ஊறிய உள்ளங்காலை அது சீவிவிடும். நாங்கள் சப்பாத்துப் போட்டுத் தொழில் செய்கிற ஆட்கள் இல்லையே. வலையும் அதில் மாட்டுப்படும்.

அதனால் அரித்த மணலே போட்டேன். கடல் மணல் கூடாது, அதில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கும். கிண்ணியாப் பக்கமிருந்து வருகிற மகாவலி மணலை மூன்று தண்ணீரில் கழுவி, தாச்சியில் போட்டு வறுத்து, அம்மாவின் அரிதட்டில் அரித்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

வேலை இப்படி. பலகையின் ஓரத்துக்கும் ஆணித் துளைக்கும் முதலில் ரெசின் குடிக்கக் கொடுத்தேன். அதற்கு மேலே பைபர் மட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு இரண்டு அடுக்கு. பிறகு ஒரு கை ரெசின் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவி, மறுநாள் ஒட்டாததைக் கூட்டி எடுத்தேன். கடைசியாக மெழுகு கலந்த ரெசின் ஒரு பூச்சு. மெழுகு போடாவிட்டால் மேல் பக்கம் பிசுபிசுப்பு மாறாது. நிறம் இளஞ்சாம்பல். வெள்ளை கண்ணைக் கூசும், கறுப்பு காலைச் சுடும்.

ரெசினை இறுகவைக்கிற ஹார்ட்னர் விசயத்தில் ஒரு பிழை விட்டேன். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி லீட்டர்தான் கணக்கு. மதிய வெயிலில் கூடின கணக்கைப் போட்டுவிட்டேன். பூச எடுக்கமுன்னமே வாளிக்குள் கல்லாகிப் புகை வந்தது. அதன் பிறகு காலை ஏழு மணிக்கே தொடங்கி, குறைந்த கணக்கில் கலந்தேன்.

இதற்காகப் பதினொரு நாள் தொழில் போனது. உன் அம்மாவுக்கு அதுதான் மனவருத்தம். வாடைக்காற்று மழைக்காலத்தில் செய்திருக்கலாமே என்கிறார். வள்ளம் சும்மா கிடக்கிற மார்கழியில் ரெசின் காயாது, ரெசின் காய்கிற பங்குனியில் வள்ளம் சும்மா கிடக்காது. வேறு என்ன செய்வது?

எஞ்சின் பிடிக்கிறவன் நிற்கிற இடத்தில் மட்டும் ரப்பர் பாய் ஒன்று விரித்திருக்கிறேன். முழங்கால் அதைக் கேட்கிறது. ஒட்டவில்லை, சும்மாதான் கிடக்கிறது. ரப்பரும் மண்ணெண்ணெய்க்கு இளகும், அடியில் தண்ணீர் நின்றால் நாறும். கரைக்கு வந்ததும் எடுத்துக் காயவிடலாம்.

நீ அனுப்பிய காசில் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் அனுப்பவேண்டாம், பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கு. உன் ஃபோம் துண்டு வீணாகவில்லை. அம்மா குசினியில் மீன் வெட்டுகிற இடத்தில் அதைப் போட்டு அதன்மேல்தான் குந்தியிருக்கிறார். அரிதட்டுக்கு நட்டஈடாம்.

வெள்ளிக்கிழமை வள்ளம் இறக்குகிறோம்.

அன்புடன்,
அப்பா