கல் நிற்கும்வரை காத்திருங்கள்: கர்லிங் ஒளிபரப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பனித்தளத்தில் கனத்த கல்லைச் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவில் நிறுத்தப் பார்க்கும் கர்லிங் போட்டிகளைப் படம்பிடித்து எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவரும் இயக்குநர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நானும் அப்பாவும் ஓர் ஆட்டத்தின் எட்டாவது சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளிகள் சமம். வட்டத்துக்குள் நான்கு கற்கள், அதற்கு முன்னால் காவலாக இரண்டு. அணித்தலைவி முழங்காலில் கையூன்றிக் கற்களைப் பார்த்தார். மறுமுனையிலிருந்த தோழி பனிக்கட்டியில் சறுக்கியபடி அவரிடம் வந்தார். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அந்த நொடியில் விளம்பரம் வந்துவிட்டது. ஆட்டம் திரையில் மறுபடி தெரிந்தபோது கல் பாதித் தூரத்தைக் கடந்திருந்தது. என்ன முடிவெடுத்தார்கள், எதைத் தவிர்த்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. "கதையின் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அப்பா தேநீர் வைக்க எழுந்து போனார்.

இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த இரவுதான். ஆனால் கோபத்தில் எழுதவில்லை. இந்த விளையாட்டை எங்களுக்குக் காட்டித் தந்ததே உங்கள் கேமராக்கள்தான்.

2018 பிப்ரவரியில் அப்பாவுக்குத் தூக்கம் சரியாக வராத நாட்கள். தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. அங்கே இரவு என்றால் எங்களுக்கு விடியற்காலை. கண்ணாடி அணிந்த கொரிய அணித்தலைவி கிம் யுன்-ஜுங், "யோங்-மி!" என்று அணித்தோழியின் பெயர் ஒன்றையே பத்து விதமாகக் கூவிக்கொண்டிருந்தார். கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய், நிறுத்து, இன்னும் வேகமாக என்ற கட்டளைகள் எல்லாம் அந்த ஒரு பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தன. ஜப்பானுக்கு எதிரான அந்த அரையிறுதி கூடுதல் சுற்றுக்குப் போய், கடைசிக் கல்லில் 8-7 என்று கொரியாவுக்குச் சாதகமாக முடிந்தது. விதி எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கடைசிக் கல் வந்து நிற்கும்வரை இருவரும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு கனடிய ஆட்டங்களையும் தேடிப் பார்க்கத் தொடங்கினோம். வேகமாகத் தேய்க்கச் சொல்லி ஆங்கிலத்தில் "ஹரி! ஹரி!" என்று போடும் கூச்சலைக் கேட்டு, "யாரடா அந்த ஹரி, எல்லா அணியிலும் இருக்கிறான்?" என்று அப்பா கேட்டது எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுகிறது.

அப்பா இளமையில் யாழ்ப்பாணத்து வாசிகசாலையில் கரம் ஆடியவர். ஒரு காயை அடித்தால் அது எதன்மேல் பட்டு எங்கே போகும் என்பது அவருக்கு விரல் நுனியில். ஆங்கில வர்ணனை அவருக்கு அவ்வளவாகப் புரியாது. அவருக்குப் புரிவது மேலிருந்து எடுக்கப்படும் அந்த ஒரு காட்சி: வட்டங்களும், சிவப்பும் மஞ்சளுமாகக் கற்களும். அதைப் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் நாணயங்களை அடுக்குவார். ஒரு டாலர் நாணயங்கள் ஓர் அணி, இருபத்தைந்து சத நாணயங்கள் மற்ற அணி. தலைவர் துடைப்பத்தை நீட்டி இலக்குக் காட்டுமுன் அப்பாவின் விரல் ஓர் இடத்தில் போய் நிற்கும். முதல் ஆண்டில் பெரும்பாலும் தவறும். இப்போதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்றாலும், அது எங்களை எந்த வழியாக வந்தடைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு சுற்றில் அணிக்கு 8 கல். 16 கற்களும் போன பிறகு, நடுப்புள்ளிக்கு மிக அருகில் எவருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் கடைசிக் கல்லை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரே விதியில்தான் முழு விளையாட்டும் தொங்குகிறது. கடைசிக் கல்லைக் கையில் வைத்திருக்கும் அணி ஒரே ஒரு புள்ளி எடுத்தால் அது பல சமயம் ஏமாற்றம்தான், ஏனென்றால் அந்த ஒன்றுக்காகக் கடைசிக் கல்லின் உரிமை கைமாறுகிறது. இரண்டு எடுக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால் வட்டத்தைக் காலியாக்கிவிட்டு, எவருக்கும் புள்ளியில்லாமல் சுற்றை முடித்து, அந்த உரிமையை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம். 10 சுற்று ஆட்டத்தில் 8ஆவதிலும் 10ஆவதிலும் கடைசிக் கல் தன்னிடம் இருக்க வேண்டும் என்று 5ஆவது சுற்றிலேயே ஒரு தலைவர் கணக்குப் போடுகிறார்.

இது அப்பாவுக்குப் புரிந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. தலைவர் வேண்டுமென்றே தன் கல்லையும் எதிரியின் கல்லையும் சேர்த்தே வெளியே தள்ளினார். புள்ளிப் பலகையில் சுழியம். அப்பா கைதட்டினார். "எடுக்காமல் விட்டானே, அதுதான் ஆட்டம்" என்றார்.

இப்போது உங்கள் தொகுப்புக் காட்சிகளைப் பாருங்கள். சுழியத்தில் முடிந்த சுற்றுகள் அவற்றில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. எதிரியின் இரண்டு கற்கள் ஒரே அடியில் பறக்கும் காட்சி மட்டும் வருகிறது. 2018 ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப் போட்டியில் ஸ்வீடனுக்கு எதிராக 5-5 என்று இருந்தபோது, எட்டாவது சுற்றின் கடைசிக் கல்லில் அமெரிக்கத் தலைவர் ஜான் ஷூஸ்டர் ஒரே வீச்சில் ஐந்து புள்ளி எடுத்ததைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள். மகத்தான அடி, சந்தேகமே இல்லை. ஆனால் ஐந்து புள்ளி ஒரு கல்லில் வருவதில்லை. மற்றக் கற்கள் வட்டத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தன, எதிரணி ஏன் அவற்றைத் துடைத்தெறிய முடியாமல் போனது என்பதில்தான் அந்த ஐந்தும் இருக்கிறது. அதைத் தொகுப்பில் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

மெதுவான ஆட்டம், மக்கள் சானலை மாற்றிவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. 2002ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சால்ட் லேக் ஒலிம்பிக் பெண்கள் இறுதியில் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் 3-3 என்று இருந்தன. பிரிட்டனின் அணித்தலைவி ரோனா மார்ட்டின் கடைசிக் கல்லை விட்டு 4-3 என்று முடித்தார். முழு ஆட்டத்துக்கும் மொத்தமே ஏழு புள்ளி. பிரிட்டனில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களை மெதுவான ஆட்டம் விரட்டவில்லை.

மெதுவாக இருப்பதால்தான் இதைப் பார்க்க முடிகிறது. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் அய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் கருங்கல்லில் செய்த, ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கல் அது. பனித்தளத்தில் நீர்த்துளிகளைத் தூவி உறையவைத்த நுண்ணிய மேடுகள்மேல் ஊர்ந்து வருகிறது. முன்னால் இருவர் தரையைத் தேய்க்கிறார்கள் (அப்பா அந்தத் துடைப்பத்தைத் தும்புத்தடி என்றுதான் சொல்வார்). தேய்த்தால் கல் தூரம் போகும், வளைவு குறையும், விட்டுவிட்டால் வளையும். ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளினால் அது சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாக வளைகிறது. இந்தக் கல்லோ சுழலும் திசையிலேயே வளைகிறது. ஏன் என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை. அப்பா எங்கள் மேசையில் எவர்சில்வர் டம்ளரை வைத்து ஒரு மாலை முழுவதும் இதைச் சோதித்துப் பார்த்தார். கல் கையைவிட்ட பிறகும் அதன் தலையெழுத்து எழுதி முடிக்கப்படாத விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தலைவரும் வீச்சாளரும் பேசும்போது வர்ணனையாளர்கள் அருள்கூர்ந்து நிறுத்துங்கள். அவர்கள் சட்டையில் ஒலிவாங்கி வைத்திருக்கிறீர்கள், அதன் குரலுக்கு வழிவிடுங்கள். வேறெந்த விளையாட்டிலும் ஒரு தலைவர் யோசிப்பதை இவ்வளவு அருகிலிருந்து கேட்க முடியாது. கல் புறப்படுமுன் மேலிருந்து எடுக்கும் காட்சியைச் சில நொடிகளாவது அசையாமல் வையுங்கள். கல் வந்து நின்றதும் மறுபடி அதே காட்சி வேண்டும், வீசியவரின் முகம் பிறகு வரட்டும். விளம்பரம் உங்களுக்குச் சோறு போடுகிறது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, ஐந்தாவது சுற்று முடிந்ததும் இன்னும் நீண்ட இடைவேளை இருக்கிறது. அங்கே போடுங்கள், நாங்களும் அப்போது தேநீர் வைத்துக்கொள்கிறோம். தொகுப்புக் காட்சிகளில் வாரத்துக்கு ஒரு சுற்றையாவது முதல் கல்லிலிருந்து பதினாறாவது கல்வரை வெட்டாமல் காட்டுங்கள். அது சுழியத்தில் முடிந்த சுற்றாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. வருகிற பருவத்துக்காக நாணயங்களை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். எட்டு டாலர் நாணயம், எட்டு இருபத்தைந்து சதம், எண்ணிப் போட்டது.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பார்வையாளர்