கட்டி வெளியே வந்த முதல் ஒரு மணி நேரம்

மார்பகக் கட்டிக்கு அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும், தியேட்டர் பொறுப்புச் செவிலியர்களுக்கும், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் அனுப்பும் திசுவில் ஹெர்2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த ஒரு வரி முடிவை வைத்துத்தான் நோயாளிக்கு ஓராண்டு டிராஸ்டுஸுமாப் என்ற ஹெர்2 எதிர்ப்பு மருந்து போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். ஆனால் திசு எங்கள் மேசைக்கு வருமுன்பே, தியேட்டரிலேயே அந்த முடிவு பல நேரம் கெட்டுப்போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஹெர்2, செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு வளர்ச்சி ஏற்பி. அதன் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதே குடும்பத்தின் மற்ற ஏற்பிகள், வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால்தான் விழித்துக்கொண்டு ஜோடி சேரும். ஹெர்2வுக்கு அப்படி ஒட்டும் காரணி எதுவும் அறியப்படவில்லை. ஜோடிக்காக அது எப்போதும் கையை நீட்டியபடியே நிற்கிறது. மரபணு இரண்டு நகல் இருக்கும்வரை தொந்தரவில்லை. நகல்கள் பெருகிவிட்டால், சாதாரண செல்லில் சில பத்தாயிரமாக இருக்கும் ஏற்பிகள் இருபது லட்சம் வரை ஏறி, தங்களுக்குள்ளும், அதே குடும்பத்து ஹெர்3 உடனும் ஜோடி சேர்ந்துகொள்கின்றன. செல்லுக்குள்ளே இரண்டு சமிக்ஞை வழிகள் ஓயாமல் ஓடும்: ராஸ்–மேப் கைனேஸ் வழி ‘பிரி’ என்கிறது, பி.ஐ.3கே–ஏ.கே.டி வழி ‘சாகாதே’ என்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதம் இந்த வகை. இந்த நகல் பெருக்கம் உள்ளவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. ஏற்பியை வெளிப்பக்கமிருந்து பிடிக்கும் டிராஸ்டுஸுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் அதன் உயிரிநகல் மருந்து 2014 முதல் விற்பனையில் இருக்கிறது.

திசுவுக்குச் சாயமேற்றி நாங்கள் பார்ப்பது செல்லைச் சுற்றிய பழுப்பு நிறக் கோட்டை. பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டிச் செல்களில் கோடு முழுமையாகவும் அழுத்தமாகவும் இருந்தால் 3+. முழுமையாக இருந்தும் மங்கலானால் 2+. அப்போது, மரபணு நகல்களை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் ஃபிஷ் சோதனைக்குப் போகிறோம். அதில் குறைந்தது 20 செல்களில் புள்ளிகளை எண்ணி, ஹெர்2 புள்ளிகள் செல்லுக்குச் சராசரி 4க்குக் குறையாமலும், 17ஆம் குரோமோசோமின் மையத்தைக் காட்டும் புள்ளிகளைப்போல் குறைந்தது இரு மடங்காகவும் இருந்தால் பாசிட்டிவ்.

சிக்கல் இங்கேதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனையில், கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இயல்பான பால் குழாய்ச் செல்கள் நிறமேறி ‘திசு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சாட்சி சொல்லும். ஹெர்2வுக்கு அந்தச் சாட்சி கிடையாது. இயல்பான குழாய் அதில் நிறமேறவே கூடாது. ஆகவே உண்மையிலேயே கோடு இல்லாத பூஜ்ஜியமும் கெட்டுப்போன திசுவின் பூஜ்ஜியமும் எங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி. எங்கள் ஸ்லைடுடன் சேர்த்துச் சாயமேற்றும் கட்டுப்பாட்டுத் திசு, சாயம் வேலை செய்ததைத்தான் சொல்லும். உங்கள் தியேட்டரில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

நடப்பது என்ன? அகற்றிய மார்பகம் கிட்னி டிரேயில் ஈரத்துணி மூடிக் கிடக்கிறது. அடுத்த கேஸ் முடிந்து, உறவினர்களுக்குக் காட்டிய பிறகு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியில் முழுதாகத் திணித்து, மேலே தெரியும் அளவுக்கு, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினை ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் கழித்து நாங்கள் திறந்தால், வெளிப்புறம் வேகவைத்த முட்டையின் வெள்ளைபோல் வெளுத்து இறுகியிருக்கும். கத்தி உள்ளே போனதும் நடுவில் செக்கச்செவேல் என்று, கொழகொழவென்று, வாடையோடு. ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும், உள்ளே போகப்போக இன்னும் மந்தம், கொழுப்பில் அதனினும் மந்தம். நடுவில் இருக்கும் கட்டி அதுவரை தன் நொதிகளாலேயே தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது. அகற்றி ஒரு மணி நேரம் தாண்டினாலே ஃபிஷ் புள்ளிகள் மங்கத் தொடங்கிவிடும்.

தவறு எதிர்ப்பக்கமும் நேரும். காய்ந்துபோன ஓரமும், இடுக்கியில் நசுங்கிய ஊசித் துண்டும் பொய்யாகக் கருத்து 3+ போல நிற்கும். அப்போது தேவையில்லாத ஒருவர் இந்த மருந்தின் இதயப் பாதிப்புக்கு ஆளாவார். இதயத் தசைக்கும் ஹெர்2 வேண்டும். அதனால்தான் மருந்து தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுக்கிறோம்.

இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எங்களைக் கேட்டால் முதல் வழி, ஹெர்2வை அறுவைக்கு முன்பே 14 கேஜ் ஊசி பயாப்சியில் முடித்துவிடுவது. மெல்லிய துண்டு என்பதால் ஃபார்மலின் சீக்கிரம் ஊடுருவும். முதலில் கீமோ கொடுப்பதாக இருந்தால் இது கட்டாயம். கட்டி கரைந்துபோனால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி இதற்குப் போதாது. துண்டுகளை சலைனில் நனைத்த துணியில் வைக்காதீர்கள். ஊசியிலிருந்து நேராக ஃபார்மலினுக்குப் போகட்டும். சின்னத் துண்டுதானே என்று இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடவும் கூடாது. பெரியதோ சிறியதோ, ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம்.

முழு மார்பகமானால், திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். 600 கிராமுக்கு 6 லிட்டர். ஜாடி போதாது, மூடியுள்ள வாளிதான். நீள நூல் பக்கவாட்டுக்கு, குட்டை நூல் மேற்புறத்துக்கு என்று தையல் போட்டு, பின்பக்கத்துக்கு மை தடவிக் காயவிடுங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், தோலை அறுக்காமல், புத்தகப் பக்கங்கள்போல் கீறி, இடையிடையே ஃபார்மலினில் நனைத்த காஸ் துணி செருகுங்கள். வெட்டினால் விளிம்பு தெரியாமல் போய்விடும் என்று சிலர் தயங்குகிறார்கள். மை இருந்தால் போகாது. மை இல்லையென்றால், கட்டியின் நடுவே பின்பக்கமிருந்து ஒரே ஒரு கீறல் போதும். கட்டியை மட்டும் அகற்றிய கேஸில் மை இல்லாமல் கத்தி வைக்கவே வேண்டாம். தையல் குறியோடு உடனே ஃபார்மலினில் போட்டு அன்றே அனுப்பிவிடுங்கள்.

‘பத்து சதவீத ஃபார்மலின்’ என்பதிலும் குழப்பம் இருக்கிறது. கடையில் வரும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. 10 லிட்டருக்கு: ஃபார்மால்டிஹைடு 1 லிட்டர், காய்ச்சி வடித்த நீர் 9 லிட்டர், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 40 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 65 கிராம். பி.எச் 7ஐ ஒட்டி இருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று பாஸ்பேட்டை விட்டுவிட்டால் கரைசலில் நாளாக நாளாக ஃபார்மிக் அமிலம் சேரும். திசுவில் கரும்பழுப்புத் துகள் படியும், டி.என்.ஏ சிதையும், ஃபிஷ் தோற்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அறுவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை 4 மணிக்கு ஃபார்மலினில் இறங்கிய திசுவுக்குத் திங்கள் காலை 9 மணிக்கு 65 மணி நேரம் ஆகிவிடும். அன்று வெட்டி இரவு 11 மணிக்குத் திசுவை மெழுகுக்குத் தயாராக்கும் இயந்திரத்தில் ஏற்றினால் 79; 72 என்ற எல்லை தாண்டிவிடும். ஹெர்2 பார்க்க வேண்டிய கேஸை வாரத்தின் முன்பாதியில் வைத்தாலே இந்தக் கணக்கு ஒழியும். திசு பதித்த மெழுகு பிளாக்கை வேறு ஆய்வகத்துக்குக் கொடுப்பவர்கள் பிளாக்காகவே கொடுங்கள். வெட்டி வைத்த வெற்று ஸ்லைடு ஆறு வாரத்தில் பழசாகிவிடும்.

முன்பு 0, மெல்லிய அரைகுறைக் கோடான 1+ இரண்டையும் நெகட்டிவ் என்று ஒரே பெட்டியில் போட்டோம். டிராஸ்டுஸுமாபுடன் கீமோ மருந்தைப் பிணைத்த டிராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டீகனின் சோதனை முடிவு 2022இல் வந்த பிறகு, நோய் பரவியவர்களில் 1+ என்றால் இந்த மருந்துக்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த மெல்லிய, அரைகுறைக் கோடுதான் கெட்ட திசுவில் முதலில் அழியும்.

கண்காணிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. பாஸ்பேட் கலந்த ஃபார்மலின் தீராமல் தியேட்டருக்குள்ளேயே இருக்கட்டும். பாத்தாலஜி படிவத்தில் மூன்று வரிகள் கூடுதலாக அச்சாகட்டும்: திசு வெளியே வந்த நேரம், கீறி ஃபார்மலினில் போட்ட நேரம், போட்டவர் கையெழுத்து. முதல் இரண்டும் காலியாக வந்தால் எங்கள் அறிக்கையில் ‘நேரம் பதிவில்லை, நெகட்டிவ் முடிவை உறுதியாகக் கொள்ள வேண்டாம், வேறு திசுவில் மறுபடி சோதிக்கவும்’ என்று எழுதத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
ஹெர்2 ஸ்லைடுகளைப் படிக்கும் நோயியல் மருத்துவர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள்