நிறுத்திய பக்கத்திலிருந்து தொடங்குவோம்: வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசகர் வட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதச் சந்திப்பில் பாதியில் எழுந்து போன பாட்டிக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதையைப் பற்றிய நாவலில், வாந்திபேதி வந்தவர்களைப் போட்டுவைத்த கொட்டகைக் காட்சியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தோம். தம்பி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கிறான். அவனையும் பிணங்களோடு சேர்த்து எரிகுழிக்குத் தூக்கச் சொல்கிறார்கள். அண்ணன் கால்மாட்டைப் பிடிக்கிறான். அந்த இடத்தில் பாட்டி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து வெளியே போய்விட்டார். "கதைதானே பாட்டி, உட்காருங்க" என்று நம்மில் ஒருவர் சொன்னார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுவாரம் அறிவிப்பு வந்தது: இனி இப்படிப்பட்ட நாவல்கள் வேண்டாம், மனசுக்கு இதமானதாக எடுப்போம். அக்கறையில் எடுத்த முடிவுதான், தெரியும். ஆனால் பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

நான் போய்க் கேட்டேன். அவர் 1943-ல் பிறந்தவர். அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பாவை மலாயாத் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளிகளின் வரிசை வீட்டிலிருந்து, ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி என்ற பேச்சை நம்பிப் போனவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அவர் அப்பா எதில் சேர்த்தி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "சயாமுக்குப் போனாரு, திரும்பி வரல." எண்பது வருஷமாக அந்த வீட்டில் அவரைப் பற்றி இருந்தது இந்த நாலு வார்த்தைதான். சேதி வராததால் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

"எங்கப்பாவுக்கும் யாராச்சும் தண்ணி குடுத்திருப்பாங்களா?" என்று பாட்டி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கதைதானே என்று நாம் சொன்ன பக்கத்தில்தான் அவர் முதல்முறையாக அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். மலாயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், ஏனென்றால் நம் ஆட்களுக்கு ஒழுங்காகப் பெயர்ப் பட்டியல் வைத்தவர் இல்லை. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்துவைத்து நாட்குறிப்பு எழுதினார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் காலராவில் குவியல் குவியலாகச் செத்த தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. அந்தக் காட்சியையும் இதமாக இல்லை என்று ஒதுக்கிவிட்டால் பாட்டிக்கு அந்த நாலு வார்த்தையைத் தவிர வேறென்ன மிஞ்சும்?

குமட்டலும் அழுகையும் வாசிப்பில் நேர்ந்த கோளாறு மாதிரி நாம் நடந்துகொண்டோம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது நகையோடும் உவகையோடும் அழுகையையும் இளிவரல் என்கிற அருவருப்பையும் அச்சத்தையும் சமமாக உட்கார வைத்திருக்கிறது. எனக்கே அந்தப் பக்கத்துக்குப் பிறகு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

கொடுமையைக் காட்டுவதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. இதே நாவலில் பிறகு வரும் பிரம்படிக் காட்சி பக்கக்கணக்கில் நீள்கிறது. அடி எத்தனை, ரத்தம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போகும்போது அடிவாங்குகிறவன் யார் என்பதே மறந்துபோகிறது. அது எனக்கு வெறும் கோரமாகப் பட்டது. கொட்டகைக் காட்சி அப்படி இல்லை. எட்டு வரிதான், அதிலும் அண்ணனின் கை நடுங்குவதைத்தான் நாவலாசிரியர் அதிகம் எழுதியிருக்கிறார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இதமான புத்தகம் மட்டும் என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். கனமான பகுதி வரும் நாளில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். கேட்க முடியாதவர் எழுந்து போகட்டும், யாராவது ஒருவர் கூடப் போகட்டும். ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுக்கட்டும். வாசித்தவுடன் கருத்து கேட்டு நச்சரிக்க வேண்டாம். அன்று பாட்டியிடம் சிரித்தவர்கள் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்தால் நல்லது.

அவர் இப்போது நாளுக்கு இரண்டு பக்கம் வாசிக்கிறார், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு. அந்தக் காட்சிக்கு முன்னால் வந்ததும் நிறுத்திவிட்டார். தனியாகத் தாண்ட முடியாதாம், எல்லாரும் இருக்கும்போது கேட்கிறேன் என்கிறார். அடுத்த சந்திப்புக்கு நானே அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன். 212-ஆம் பக்கம். அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களோடு அந்த அறையில் இருந்த ஒரு வாசகி