கோர்மென்காஸ்ட்டை முடித்த கூட்டத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள வாசிப்புக் கூட்டாளிகளுக்கு,

ஆங்கில எழுத்தாளர் மெர்வின் பீக்கின் கோர்மென்காஸ்ட் நாவலின் மூன்று பாகங்களையும் ஒருவழியாக முடித்துவிட்டோம். தனியாகப் படித்திருந்தால் முதல் பாகத்தின் பாதியிலேயே மூடி வைத்திருப்பேன். கதாநாயகன் டைட்டஸ் அந்தப் பாகம் முடியும்போதுகூடக் கைக்குழந்தைதான்! மற்றபடி கோர்மென்காஸ்ட் என்ற கோட்டை, அதன் சுவர்கள், எதற்கென்று யாருக்கும் தெரியாத அன்றாடச் சடங்குகள்.

முதல் நன்றி, சத்துவாச்சாரியில் தன் வீட்டு மொட்டை மாடியை எங்களுக்கு விட்டுக்கொடுத்த ஆங்கில வாத்தியார் ஐயாவுக்கு. பீக்கின் நீளமான வாக்கியங்களை மனசுக்குள் படித்தால் மூச்சு முட்டும். ஐயா வாய்விட்டுப் படித்தபோதுதான் அதில் இருக்கும் நையாண்டி பிடிபட்டது. வேலைக்காரன் ஃப்ளே ஒரு பூனையைத் தூக்கி எறிந்ததற்காகக் கோட்டையை விட்டே துரத்தப்படும் இடத்தில் சிரித்து மாய்ந்தோம். அதே ஃப்ளேயும் சமையல்காரன் ஸ்வெல்டரும் சிலந்தி வலைகளுக்கு நடுவே கத்தியோடு மோதிய அன்று, டம்ளரில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. யாரும் தொடவில்லை.

இரண்டாம் பாகம் நம்மிடம் வந்தபோதே முதுகு பிய்ந்திருந்தது. அதைத் தைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த லாங்கு பஜார் பைண்டிங் பாய்க்கும் நன்றி. என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் உச்சம். வெள்ளம் மாடி மாடியாக ஏறிக் கோட்டையை விழுங்கும் பக்கங்களைப் படித்தபோது, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பற்றி ஆளாளுக்குப் பேச ஆரம்பித்து, அன்று வாசிப்பு அதோடு நின்றது.

மூன்றாம் பாகத்தில்தான் சண்டை. கோட்டையைக் காணோம், கார், தொழிற்சாலை, ஆளைப் பின்தொடரும் இயந்திரம் என்று கதை வேறெங்கோ போகிறது. பாதிப் பேர் போதும் என்றார்கள். அப்போது இரவு டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோகும் குட்டிக் குட்டி அத்தியாயங்கள். "இது அவசரத்துல எழுதினது இல்லப்பா, உடம்பு முடியாம எழுதினது" என்றார். நரம்பு வார்டில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். அவர் சொன்னது சரிதான். 1959-இல் அது வெளியானபோது, ஓவியரான பீக்குக்குக் கை நடுக்கம் வந்து, நினைவும் தடுமாறிக்கொண்டிருந்தது. 1968-இல் இறந்துபோனார்.

1945-இல் ஜெர்மனியில் நாஜிகளின் பெல்சன் வதைமுகாமுக்குப் போய் அங்கே சாகக் கிடந்தவர்களை பீக் வரைந்ததை ஐயா அப்புறம் சொன்னார். அதற்குப் பிறகு, முகாமில் சிதைந்து வந்த கருப்பு ரோஜா என்ற பெண் சாகும் பகுதியை யாரும் குறை சொல்லவில்லை. இப்போதும் அந்தப் பாகம் மற்ற இரண்டுக்கும் ஒரு படி கீழேதான் என்பேன். ஆனால் அக்கா இல்லையென்றால் அதைப் படித்தே இருக்க மாட்டேன். பீக் சீனாவில் மிஷன் டாக்டர் வீட்டில் பிறந்து, மதில் சூழ்ந்த வளாகத்தில் வளர்ந்தவராம். "ஆஸ்பத்திரி காம்பவுண்டு புள்ளையா, அதான்!" என்று அக்கா சிரித்ததை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். இரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறதோ, தயவுசெய்து ஐயா வீட்டில் கொடுத்துவிடுங்கள். அவர் பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
கூட்டத்தில் ஒருத்தி,
வேலூர்