குதிரைக் குட்டிக்குக் காயடிப்பது எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பினாங்கில் முப்பது ஆண்டுகள் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன் நான். பாலேக் பூலாவில் குதிரை வளர்க்கும் தம்பி ஒருவர், "இரண்டு வயது ஆகட்டும் அண்ணே, அப்போதுதான் கழுத்து திரளும்" என்று சொல்லி ஆண் குட்டிக்குக் காயடிக்காமல் வைத்திருந்தார். அடுத்த வேலியில் பெட்டைக் குதிரையைக் கண்டதும் அது கம்பியில் பாய்ந்தது. முன்னங்காலில் எலும்பு தெரியக் கிழிந்து தொங்கிய சதையை மருத்துவர் வரும்வரை என் கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

இனவிருத்திக்கு வைக்காத குட்டியை எதற்காகக் காக்கவைக்க வேண்டும்? இரண்டு விதைகளும் விதைப்பைக்குள் இறங்கியிருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் செய்துவிடலாம். சீக்கிரம் செய்தால் வளர்ச்சி குன்றும் என்பது தவறு. எலும்பின் வளர்ச்சி தாமதமாக நிற்பதால் சற்று உயரமாகவே வளரும். ஒரு விதை இறங்கவில்லை என்றால் மற்றதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி முன்பே போட்டிருக்க வேண்டும். நம் ஊரில் ஈ மொய்க்காத நாள் ஏது? கொட்டிலைக் கழுவிக் காயவைத்த பிறகே மருத்துவரை அழையுங்கள். காயடித்த பிறகு அவர் சொல்லும் நாளிலிருந்து குட்டியைத் தினமும் நடக்கவையுங்கள். கட்டியே போட்டால் வீக்கம் வடியாது. சில வாரங்கள் பெட்டையிடம் விடாதீர்கள், சினையாக்கிவிடும்.

அந்தத் தம்பியின் குட்டி இன்னும் நொண்டுகிறது.

முன்னாள் லாயப் பணியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு