குழலியின் கறுத்த பல்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
தை 18

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். நீங்களும் மாமாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். பொங்கலன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, குழலி கரும்புத் துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்ததும், மேல்வரிசை முன்பல் ஒன்று கறுத்திருப்பதைக் கண்டு, "பச்சைப் பிள்ளைக்குப் பல்லைச் சொத்தையாக விட்டிருக்கிறாயே" என்று நீங்கள் பதறியதும் இன்னும் என் காதில் நிற்கின்றன. அன்று உங்கள் பக்கம் வீடு நிறைய உறவினர்கள் இருந்ததால் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும். மாமா உங்களுக்கு நிதானமாகப் படித்துக் காட்டட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது சொத்தை இல்லை, அத்தை; அடிபட்ட பல். நவம்பர் முதல் வாரத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு. கும்பகோணத்தில் நம் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். இங்கே குளிர் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள்ளும் காலுறை போட்டே ஆக வேண்டும். தரையோ எண்ணெய் தடவியது போல் வழுக்கும் பலகை. அவர் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்த ஓசை கேட்டு ஓடியவள், வழுக்கிப் போய்த் தேநீர் மேசையின் விளிம்பில் வாயை இடித்துக்கொண்டாள். மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சதை கிழிந்துவிட்டது. அந்த இடம் சிறிது கிழிந்தாலும் நிறைய இரத்தம் கொட்டும் என்பதும், பெரும்பாலும் தையல் இல்லாமலே ஆறிவிடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது சட்டை நனைந்ததைப் பார்த்து நானும் அவளோடு சேர்ந்து கத்தினேன்.

இந்த நாட்டில் பதினெட்டு வயது வரை பிள்ளைகளுக்கு அரசு மருத்துவ சேவையில் பல் வைத்தியம் இலவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகப் பெயர் பதிந்துகொள்ளும் பல் மருத்துவமனையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மூன்று இடங்களில் "இப்போது புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு 111 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசி, மறுநாள் காலைக்கு அவசர நேரம் வாங்கினோம். அங்கே எப்படி விழுந்தாள், எதில் இடித்தாள், யார் உடனிருந்தார்கள் என்று மூன்று முறை கேட்டார்கள். என்னைச் சந்தேகிக்கிறார்களோ என்று கூசிப் போனேன். சிறு பிள்ளைக்கு அடிபட்டால் எல்லாப் பெற்றோரிடமும் இப்படித்தான் கேட்பார்களாம்.

பரிசோதித்த விதத்தை நீங்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பீர்கள். மருத்துவர் அம்மா எனக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் தொட உட்கார்ந்து, குழலியின் கால்கள் என் இடுப்பைச் சுற்றியிருக்க, தலையை மட்டும் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். பல் லேசாக ஆடியது, வேரோரத்தில் இரத்தம் கசிந்திருந்தது, ஆனால் இடம் மாறவில்லை. எக்ஸ்ரேயிலும் வேர் முறியவில்லை. பத்து நாள் குழைந்த சாதமும் இட்லியும் கொடுக்கவும், மென்மையான பிரஷ்ஷால் துலக்கவும், வலித்தால் பாராசிட்டமால் மருந்து கொடுக்கவும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு முறையும், பிறகு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு முறையும் வரச் சொன்னார்கள்.

இரண்டாவது வார முடிவில், எல்லாம் ஆறிவிட்டது என்று நான் நிம்மதியடைந்த வேளையில், ஒரு காலை பல் துலக்கும்போது அந்தப் பல் மட்டும் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. காரணத்தை மருத்துவர் விளக்கியது இப்படி: பல்லுக்குள்ளே இரத்தக் குழாய்களும் நரம்பும் உள்ள கூழ் இருக்கிறது. இடித்த அதிர்ச்சியில் அந்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நிறப்பொருள் பல்லின் நுண்துளைகளுக்குள் ஊறிவிடுகிறது. முழங்காலில் அடிபட்டால் கன்றிப் போவதில்லையா, அதுபோலத்தான். தோலில் கன்றியது சில நாளில் மறையும், பல்லில் ஊறியது மெதுவாகத்தான் வெளுக்கும். சில பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் வெளுத்துவிடும். சிலருக்குப் பல் தன்னைத்தானே உள்ளே அடைத்துக்கொண்டு மஞ்சளாகிவிடும். சிலருக்கு உள்ளிருக்கும் கூழ் செத்து, நிறம் அப்படியே நிற்கும். நிறத்தை மட்டும் பார்த்து எது என்று முடிவு சொல்ல முடியாதாம்.

இரும்புச் சத்து டானிக்கால் கறுத்ததோ என்று கேட்டீர்களே, அதுவும் காரணமில்லை. அதன் கறை பல பற்களில் மேலாகப் படியும்; இது ஒரே பல்லில், உள்ளிருந்து வந்த நிறம். மிட்டாயால் வந்த சொத்தை என்றால் குழி விழுந்திருக்கும். இந்தப் பல் குழலியின் மற்றப் பற்களைப் போலவே வழவழவென்று முழுதாக இருக்கிறது.

"பிடுங்கி எறிந்துவிடுங்கள்" என்று சொன்னீர்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். நிறம் மாறியது என்பதற்காக மட்டும் பால் பல்லைப் பிடுங்குவதுமில்லை, வேர் சிகிச்சை செய்வதுமில்லை என்றார் மருத்துவர். அது தானாக விழ ஆறு, ஏழு வயதாகும். அதுவரை கடிக்கவும் பேசவும் அது வேண்டும். ஆனால் ஈறில் கொப்புளம் போல் சீழ் கட்டினாலோ, முகம் வீங்கினாலோ, பல் மறுபடி ஆடினாலோ, வலியில் சாப்பிட மறுத்தாலோ உடனே வர வேண்டும். பால் பல்லின் வேருக்குப் பின்னாலேயே நிலைப்பல்லின் முளை இருக்கிறது; சீழ் அதைத் தொட்டுவிடக் கூடாது. ஆகவே ஒவ்வோர் இரவும் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துவிட்டுத்தான் அவளைத் தூங்க வைக்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அடிபட்டதால் நிலைப்பல்லில் வெள்ளைப் புள்ளி ஏதும் விழுமா என்பது அது முளைக்கும்போதுதான் தெரியும். அந்தக் கவலை எனக்கும் உண்டு. நீங்கள் சொன்ன கிராம்புத் தைலத்தை மட்டும் நான் தடவவில்லை. பிஞ்சு ஈறு எரியும் என்பதால்தான். மன்னிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அத்தை. பொங்கலுக்குப் பிறகு, கைப்பேசியைத் தூக்கினாலே குழலி உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அடுத்த முறை பேசும்போது "கறுப்புப் பல்லைக் காட்டு" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கோலம் போடக் கற்றுக்கொண்டிருப்பதைப் பற்றிக் கேளுங்கள். இங்குள்ள பிள்ளைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் வைத்தால் தேவதை வந்து காசு வைத்துப் போகுமாம். இந்தப் பல் விழும்போது அதைப் பத்திரமாக எடுத்து வருகிறேன். சாணத்தில் பொதிந்து நம் வீட்டுக் கூரையில் நீங்களே எறியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு, மாமாவுக்கு: அங்கே தெருவில் கிரிக்கெட் ஆடும் நம் வீட்டுப் பெரிய பையனுக்குப் பத்து வயது, அவனுடைய முன்பற்கள் நிலைப்பற்கள். அடிபட்டு முழுதாக விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, உடனே அதே குழியில் பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். பால் பல்லை மட்டும் அப்படித் திரும்பப் பொருத்தக் கூடாது.