பழைய கார் வைத்திருப்போர் சங்கம், கோவை வட்டாரம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், கார் மக்கர் செய்தும் பஸ் ஏறி வந்து சேர்ந்த ஈரோட்டு நண்பர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது; வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியைத் தின்றது பொள்ளாச்சி உறுப்பினரின் எம்.ஜி. கார். அதனால் அறிக்கையிலும் அதற்கே முதல் இடம்.

அது 1952 எம்.ஜி. டி.டி. இரண்டே பேர் உட்காரும் திறந்த கார், 1250 சி.சி., நாலு சிலிண்டர், ரெட்டை எஸ்.யு. கார்புரேட்டர். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது நம் உறுப்பினரின் அப்பா வாங்கியது. பிறகு தேங்காய்க் களத்துச் சாளையில் மட்டைக்கும் மஞ்சிக்கும் நடுவே பல வருஷம் கிடந்தது. வெளியே இழுத்தபோது சீட்டுக்குள் எலிக் குடும்பம், டேங்குக்குள் தார் மாதிரி ஒரு வஸ்து. எஞ்சின் சுற்றவே இல்லை. பிளக்கைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, பெரிய புல்லியில் கை வைத்து அசைத்து அசைத்துத்தான் விடுவித்தோம். அவசரப்பட்டு டாப் கியரில் போட்டுத் தள்ளலாம் என்றவர்களை அவருடைய அம்மாவே அதட்டி உட்காரவைத்துவிட்டார்.

இந்தக் காரின் உடம்பு முழுக்க இரும்பு என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். உள்ளே இருப்பது மரச் சட்டம். அதன் மேல்தான் தகடு. இங்கிலாந்தில் ஆஷ் மரத்தில் செய்தது. அடிச்சட்டம் உளுத்துப் போயிருந்ததால் கதவைத் திறந்தால் சாத்த முடியாது, சாத்தினால் திறக்க முடியாது. தகட்டைக் கழற்றும் முன் கதவு வாயில்களில் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து இறுக்கினோம். மூலைக்கு மூலை அளவெடுத்துச் சாளைச் சுவரிலேயே கரியில் எழுதிவைத்தோம். இதைச் செய்யாமல் பிரித்திருந்தால் எந்த மூலை எங்கே நின்றது என்று கடவுளுக்குத்தான் தெரிந்திருக்கும். உடுமலைப் பக்கம் ரேக்ளா வண்டி செய்யும் தச்சு மேஸ்திரி ஒருவர் வந்தார். தேக்கு போடலாமா என்று கேட்டதற்கு, "தேக்கு நிக்கும்ங்க, ஆனா குலுங்குற வண்டிக்கு வளஞ்சு குடுக்கோணும், பூவரசு போடுங்க" என்றார். பழைய சட்டத்தின் உடைந்த துண்டுகளை ஒட்டி அதையே மாதிரியாக வைத்து இழைத்தார். முதலில் கதவை மாட்டி இடைவெளி பார்த்து, அப்புறமே தகடு. அந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது அவர் கட்டளை. நம்மில் கார் மெக்கானிசம் படித்தவர்கள் பலர் இருந்தும் அன்றைக்கு எல்லோரும் அவருக்கு எடுபிடிதான்.

எஞ்சினில் வேறு வம்பு. முன்பு ஏதோ ஒரு பட்டறையில் ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் பாத்திரம்) போல்ட்டுகளுக்குக் கடையில் கிடைத்த எட்டு மில்லி போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு சுற்று நன்றாக ஏறி, மூன்றாவதில் மரையைத் தின்றுவிட்டது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதென்னங்க, மரை மில்லி, தலை இஞ்சி! ரெண்டு நாட்டுக்காரன் சேந்து செஞ்சாங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சுக்கார ஹாட்ச்கிஸ் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. மெஷின்கள் மில்லிமீட்டர் மரை போடுபவை. ஊர்க்காரர்கள் கையில் இருந்த ஸ்பேனரோ விட்வொர்த் என்ற இங்கிலீஷ் இஞ்சு அளவு. எனவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த். 1923இல் மாரிஸ் கார் கம்பெனி அதை வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, எம்.ஜி.யின் எஞ்சின் வரை வந்துவிட்டது. எட்டு மில்லி போல்ட்டுக்கு இன்று கடையில் கிடைக்கும் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25 மில்லி. இந்த எஞ்சினில் 1.0. வம்பு அங்கேதான். பெரியவர் கெட்டுப்போன துளைகளுக்கு புஷ் போட்டு, புது மரை வெட்டி, ஹெக்ஸ் ராடில் விட்வொர்த் அளவுக்குத் தலை கடைந்து போல்ட்டும் செய்து கொடுத்தார். ஸ்பேனர் அவரிடமே இருந்தது. மில்லில் இங்கிலீஷ் நூற்பு மெஷின்களுக்கு வேலை பார்த்த காலத்து செட்.

இங்கே என் கருத்தைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லில் ஆரம்பித்து, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக எழுந்த மில்கள் வரை, சீமை மெஷின்களை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இந்த ஊருக்கு இருந்தது. ஸ்பேர் கப்பலில் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை, பட்டறையில் கடைந்தார்கள். நம் கார்கள் இன்று ஓடுவது அந்தக் கைகளின் தயவில். சென்னையில் இதே வேலைக்கு இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் கஸ்டம்ஸில் தவம் கிடக்கிறார்கள். நாமும் ஒரு பெட்டிக்கு அப்படித் தவம் கிடந்தோம். வந்த பெட்டியில் வேறு மாடலின் பேரிங் இருந்தது. ஆனால் கணபதிப் பெரியவருக்கு வயதாகிறது. மகன் லேத்தை விற்றுவிட்டு, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின் போடப் போகிறார். ஒற்றை போல்ட்டுக்கு சி.என்.சி. ஓட்ட யாருக்கும் மனசு வராது. இதற்கான தீர்மானத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

பெயின்ட் விஷயத்தில் வைகாசியில் இருந்தே உரிமையாளர் நச்சரித்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆவணி வரை பொள்ளாச்சியில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சாளையில் படுதா கட்டி அடிக்கலாம் என்றார். ஒரு பானட்டை மட்டும் அடித்துப் பார்த்தோம். தென்னந்தோப்புப் புழுதி முழுக்க அதில் பதிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். தை பிறந்த பிறகே அடித்தோம், கண்ணாடி மாதிரி வந்தது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதோ மருந்துக்கடை மாஸ்க்கோ அதற்குப் போதாது. காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் சங்கத்தில் இருக்கிறது, வாங்கிப் போங்கள்.

ரெட்டை கார்புரேட்டரைச் சமன் செய்த அன்று சாளையில் கூட்டம் தாங்கவில்லை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க மீட்டர் வாங்கியிருக்கிறோம், ஆனால் கோபிச்செட்டிபாளையத்து உறுப்பினர் அதைத் தொடவில்லை. முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டர் வாயில் பிடித்தார், அப்புறம் இரண்டாவதில். 'ஸ்ஸ்' என்று இழுக்கும் சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை திராட்டில் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பிறகு ஒவ்வொன்றிலும் பிஸ்டனை லேசாகத் தூக்கிப் பார்த்தார். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் உடனே தடுமாறினால் குறைவு. கொஞ்சம் ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. டாஷ்பாட்டில் (பிஸ்டன் மேல் உள்ள எண்ணெய்க் கிண்ணம்) எண்ணெய் ஊற்ற மறந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கிய கைகளை நான் குறிப்பில் ஏற்றவில்லை.

இந்தக் காரில் பாட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த். அது தெரியாமல் ஒரு இளைஞர் மொபைல் சார்ஜரை மாட்ட, புகை வந்தது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பாட்டரிப் பெட்டி மூடியில் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

இனி எல்லோருக்கும் பொதுவான தலைவலி, நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கும் தக்கைக்கும் ஆகாது. சூலூர் உறுப்பினரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பெட்ரோல் டியூப் ஊறப்போட்ட முறுக்குக் கணக்காகக் கொழகொழவென்று ஆகி, பம்ப் ஃபில்டரை அடைத்தது. சூடான மேனிபோல்டில் ஒழுகியிருந்தால் கதையே வேறு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். வண்டி நிற்க நிற்க டேங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து துரு ஏற்றும். பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தியும் குறைவு; மிக்சரும் வறண்டுவிடும், அதாவது இழுக்கும் காற்றுக்குப் பெட்ரோல் போதாது. எஸ்.யு. கார்புரேட்டர் உள்ளவர்கள் ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். டியூப்களை எல்லாம் எத்தனால் தாங்கும் விட்டான் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட நல்ல மருந்து, வாரா வாரம் ஓட்டுவது. பாலிஷ் போட்டுப் போர்வை போர்த்தி வைத்திருப்பவர்களுக்கே இந்த ஆண்டு அதிகச் செலவு வந்தது என்பதைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறேன்.

கியர்பாக்ஸ் ஆயிலிலும் ஒரு வார்த்தை. கடைக்காரர் 'லேட்டஸ்ட்' என்று நீட்டும் ஜி.எல்.5 ஆயிலில் உள்ள கந்தகம் பழைய கியர்பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் சத்தமில்லாமல் விழ உதவுபவை) அரிக்கும். ஜி.எல்.4 கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டருக்குப் பல்லடம், அவிநாசிப் பக்கத்து உப்புத் தண்ணியை ஊற்றாதீர்கள். பாட்டரி வாட்டர் என்ன விலை விற்கிறது, அதைச் சேமித்து என்ன செய்யப் போகிறோம்?

மாசியில் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒரு ஃபியட் பாதியில் திணறி நின்றது. பெட்ரோல் இருந்தது, கரண்ட் வந்தது. பம்பில் ஆவி கட்டிக்கொண்டது. இந்தப் பெட்ரோலில் அது சீக்கிரமே வருகிறது. ஈரத் துணியைப் பம்பில் சுற்றி, கால் மணி நேரம் சிங்கவால் குரங்கைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றோம், கிளம்பிவிட்டது. இறங்கும்போது இரண்டாம் கியரைத் தாண்டக் கூடாது என்று அட்டகட்டியில் நிறுத்தி எல்லோருக்கும் சொன்னோம். டிரம் பிரேக் சூடேறினால் பெடல் உறுதியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயிலும் தண்ணீரை இழுப்பதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாதவர்கள் அடுத்த மலைப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். எம்.ஜி. வந்தது, ஏறியது, இறங்கியது. வழியில் எஸ்டேட் ஆட்கள் நிறுத்தி, ஹார்ன் அடிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அவிநாசி ரோடு ஜி.டி. கார் மியூசியத்துக்கு உறுப்பினர்களின் பிள்ளைகளை அழைத்துப் போனோம். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கியவர் என்று சொன்னதும், எங்கள் எம்.ஜி. உரிமையாளரின் பேத்தி, "அது நம்மூட்டு முன்னாடி போற ரோடு" என்றாள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்கவும் ஒருநாள் போனோம். அந்தப் பெயருக்குரிய கரிவரதன் இந்த ஊரிலேயே ரேஸ் கார் செய்தவர், 1995இல் விமான விபத்தில் இறந்தார் என்பது புதிய உறுப்பினர்கள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பதிவு விஷயம். 2021 விதிப்படி, முதல் பதிவு முடிந்து ஐம்பது ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் போன்ற காரியங்களுக்கே ரோட்டில் இறக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாது. சாதாரணப் பதிவிலேயே தொடர்ந்தால், 2025 ஆகஸ்ட்டில் ஏற்றிய கட்டணப்படி இருபது ஆண்டு தாண்டிய இறக்குமதிக் காருக்கு மறுபதிவு 80,000 ரூபாய். எம்.ஜி. உரிமையாளர் விண்டேஜுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹெரால்டு, ஃபியட் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அவை உள்நாட்டுத் தயாரிப்பு, கணக்கு வேறு.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, சங்கச் செலவில் கடைந்த ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் அளவு, மரை, உலோகம் குறித்த வரைபடமும் ஒரு மாதிரித் துண்டும் சங்க அலமாரியில் இருக்க வேண்டும். கணபதிப் பெரியவரிடம் உட்கார்ந்து எழுத இளைஞர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குப் பெட்ரோல் செலவு தர அனுமதி வேண்டும். இந்த ஆண்டு கோப்பை, ஷீல்டுக்கு ஒதுக்கியதை இதற்குத் திருப்பலாம் என்பது என் யோசனை. தலைவர் முறைப்பது தெரிகிறது. இரண்டு, சங்கக் கருவிகளை இரவல் வாங்குவோரிடம் முன்பணம். விட்வொர்த் ஸ்பேனர் செட்டில் கால் இஞ்சு ஸ்பேனர் இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வருகிற ஞாயிறு சூலூரில் ஹெரால்டு கிளட்ச் வேலை. அந்தக் காரில் கியர்பாக்ஸை அடியிலிருந்து இறக்க முடியாது, சீட்டைக் கழற்றி உள்ளிருந்தே தூக்க வேண்டும். முதுகு நன்றாக உள்ளவர்கள் காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், டிபன் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்